பக்திக்கு இரவு உண்டு, படிப்புக்கு இல்லை

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலை தூங்குவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெண்களைத் தேட வேண்டியதே இல்லை. பாட்டிகள், இடுப்பில் பிள்ளையோடு வரும் அம்மாக்கள், பக்கத்து மாவட்டங்களிலிருந்து கூட்டாக பஸ் ஏறி வந்த தோழிகள். செருப்பில்லாமல் நடக்கிறார்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு முடிக்கும்போது விடியற்காலை ஆகிவிடும். என் மாணவிகளும் நடக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் கொட்டாவி விட்டபடி, "மிஸ், நேத்து சுத்தினோம் மிஸ்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பெண்பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு ரோட்டில் இருந்தாளே என்று எந்த அப்பாவும் பதறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதே பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப்போய் இரவு வானத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். ஊரே பதறியது.

காவலூர் எங்கோ இல்லை. நம் மாவட்டத்தில் தொடங்கித் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போகும் அதே ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. 1960களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இடம். 1986இல் அங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. வைணு பாப்பு என்ற வானியலாளரின் பெயர் அதற்கு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒளியியல் பாடம் நடத்தும் ஒரு டீச்சருக்கு இதைவிட நல்ல சுற்றுலா இடம் கிடைக்காது. போகும் வழியில் ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, சாமை விளையும் சரிவுகள், பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள். மாலையில் மலை ஏறி, இருட்டியதும் வானம் பார்த்து, மேலே தங்கி, காலையில் இறங்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

பள்ளியில் கிடைத்த பதில் இது: "ஆறு மணிக்குள்ள பொண்ணுங்க வீட்ல இருக்கணும் டீச்சர். வேணும்னா பகல்ல கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்திருங்க."

பகலில் எதைக் காட்டுவது? குவிமாடத்தையா? அதே பருவத்தில் ஊரிலுள்ள ஓர் ஆண்கள் பள்ளி மாலையில் கிளம்பிப் போய், வியாழன் கோளின் நிலாக்களைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பியது. எங்கள் பிள்ளைகள் காலையில் போய் வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, ஐந்தரைக்கெல்லாம் திரும்பினார்கள். "நல்லா இருந்துச்சு மிஸ்" என்றார்கள். எதைப் பார்க்கவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதை ஒரு பள்ளியின் குறை என்று நினைக்காதீர்கள். பெண்பிள்ளையின் வெளி எந்தக் காரணத்துக்காகத் திறக்கும், எதற்காக மூடும் என்பது தமிழ்நாடு முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. சாமிக்காகப் போகலாம். வேலைக்காகப் போகலாம்: விறகு, தண்ணீர், களையெடுப்பு, ரேஷன் கடை. அடுத்தவர் வயிற்றுக்காகவும் போகலாம். தெரிந்துகொள்வதற்காக, சும்மா பார்ப்பதற்காக, ஏறித்தான் பார்ப்போமே என்ற ஆசைக்காகப் போகக் கூடாது.

அருணாசல மலையின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. ரமணர் விரூபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் இருந்த காலத்தில் மலை ஏறிய பெண்கள் யார்? கணவனையும் பிள்ளைகளையும் இழந்த எச்சம்மாள் தினமும் சோறு சமைத்து மலைக்குச் சுமந்தார். ரமணர் கீழே இறங்கி வந்த பிறகும் அந்த அம்மாள் சோறு கொண்டுபோவது நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. முதலியார் பாட்டியும் அப்படித்தான் சுமந்தார். அந்தக் கால்கள் இந்த மலையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்திருக்கும். தலையில் சோற்றுப் பாத்திரம் இருந்ததால் அவர்களை யாரும் மறிக்கவில்லை. நம் பிள்ளைகளிடம் பாத்திரம் இல்லை, அதுதான் சிக்கல்.

"பாதுகாப்பு டீச்சர், பாதுகாப்பு" என்பார்கள். சரி, அதையே பேசுவோம்.

கிரிவலத்தன்று பெண்கள் இரவெல்லாம் நடக்க முடிவது எப்படி? அண்ணாமலையார் அருள் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். என் கண்ணுக்குத் தெரிவது: பாதை முழுக்க விளக்கு, போலீஸ், தற்காலிகக் கழிப்பறை, குடிதண்ணீர், மருத்துவ முகாம், சிறப்புப் பேருந்து, சிறப்பு ரயில். அரசு மெனக்கெட்டு ஏற்பாடு செய்கிறது. ஏற்பாடு இருப்பதால் கூட்டம் வருகிறது. கூட்டம் வருவதால் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு மாதாமாதம் செய்ய முடிந்ததை நாற்பது பிள்ளைகளுக்கு வருடத்தில் ஓர் இரவு செய்ய முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். செய்ய மனம் இல்லை என்று சொல்லுங்கள், நம்புகிறேன்.

உடனே கிருஷ்ணகிரியைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். நானும் அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

2024 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்று நடந்தது. என்.சி.சி.க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வந்தவர்கள் யார், யார் அனுப்பினார்கள், கடிதம் இருக்கிறதா என்று பள்ளி விசாரிக்கவில்லை. மாணவிகளைப் பள்ளி அரங்கத்தில் தங்க வைத்தார்கள். துணைக்கு ஆசிரியர்கள் இல்லை. அங்கே மாணவிகள் பலர் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பு. வெளியே தெரியாமல் அமுக்கப் பார்த்ததாக நிர்வாகத்தின் மீதும் வழக்கு வந்தது, பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

அந்தச் செய்தி வந்த வாரத்தில் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் கண் கலங்கப் பேசினார்கள். எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் அறிந்த பள்ளிகளில் அந்த ஆண்டு ரத்தானவை எவை? பெண்களின் சாரணியர் முகாம், பெண்களின் சுற்றுலா, பெண்களின் வெளியூர் விளையாட்டுப் போட்டி. வெளியாட்களை விசாரிக்காமல் உள்ளே விடும் பழக்கத்தை யாரும் ரத்து செய்யவில்லை. பெண் ஆசிரியர் உடன் தங்க வேண்டும் என்ற விதியைச் சுவரில் எழுதவில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகவல் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைப்பதை 21ஆம் பிரிவு குற்றம் என்கிறது. இதை எத்தனை ஆசிரியர் அறைகளில் வாசித்துக் காட்டினார்கள்? குற்றம் செய்தவர்கள் ஆண்கள், மறைத்தவர்கள் பெரியவர்கள், வீட்டில் உட்காரவைக்கப்பட்டவர்கள் பெண்பிள்ளைகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அது நடந்தது மலையில் அல்ல, காட்டில் அல்ல, கூடாரத்தில் அல்ல. நான்கு சுவர்களும் கேட்டும் வாட்ச்மேனும் உள்ள பள்ளிக் கட்டடத்தில். பெண்பிள்ளைக்கு ஆபத்து வெளியே இருக்கிறது, உள்ளே இல்லை என்ற நம்பிக்கையைக் கிருஷ்ணகிரி உடைத்துப் போட்டது. நாம் அந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடமோ, உள்ளேயே இரு என்பது.

உள்ளே இருப்பதைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலை சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. வீட்டுக்குள் இருந்தவர்கள். மலையின் சரிவைப் படிக்கவும், மண் ஈரம் குடித்தால் என்ன செய்யும் என்று புரிந்துகொள்ளவும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையேற்றம் ஒரு பாடமாகவே இருக்க வேண்டும்.

குரங்கணியும் நினைவுக்கு வரும். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். வறண்ட மாதத்தில் புல் எரிந்து தீ பரவி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்கள் பலர். யார் அனுமதித்தது, தீக் காலத்தில் அந்தப் பாதை ஏன் திறந்திருந்தது, வழிகாட்டிகளுக்கு என்ன பயிற்சி இருந்தது என்று கேட்டவர்கள் சிலர். "பொம்பளைங்களுக்கு எதுக்கு மலை" என்று கேட்டவர்கள் நிறைய. டீக்கடையில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், ஆசிரியர் அறையிலும் கேட்டேன். கோவை வெள்ளியங்கிரியில் மலையேறும் பருவத்தில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் ஆண்கள் இறக்கும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. "ஆம்பளைங்களுக்கு எதுக்கு மலை" என்று எவராவது கேட்டாரா? ஆண் இறந்தால் அது விபத்து. அவனுக்குப் பக்தி என்ற பெருமையும் கிடைக்கிறது. பெண் இறந்தால் அவள் ஏன் போனாள் என்பதுதான் கேள்வி.

குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. வழிகாட்டி உண்டு, கட்டணம் உண்டு, தீக் காலத்தில் மூடுவதும் உண்டு. விபத்துக்குச் சரியான எதிர்வினை இப்படித்தான் இருக்க வேண்டும்: பாதையைச் சரிசெய்வது. நடப்பவளைத் தடுப்பது அல்ல.

கேரளத்து அகஸ்தியர்கூடத்தில் பல காலம் பெண்களை உச்சிக்கு விடவில்லை. பொதிகை என்று நாம் சொல்லும் மலைத்தொடரின் சிகரம் அது, 1,868 மீட்டர். வழக்கம் என்றார்கள், பாதுகாப்பு என்றார்கள், பெண்களுக்கு வசதி இல்லை என்றார்கள். பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் பாலினத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறி இறங்கினார். மலை அப்படியேதான் இருக்கிறது.

இனி, பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு என்று சொல்லும்போது பல அப்பாக்களின் மனதில் இருப்பது பாம்போ பள்ளமோ அல்ல. பையன். அதிலும் வேறு சாதிப் பையன். இரண்டு நாள் வெளியே தங்கினால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் காதல் வரும், காதல் வந்தால் சாதி போகும். ஒரு முறை ஒரு தகப்பனார் என்னிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "டீச்சரம்மா, பஸ்ல யாரு பக்கத்துல யாரு உக்காருவாங்க?" எங்களுடையது பெண்கள் பள்ளி. பஸ்ஸில் வருவது பெண்கள் மட்டும்தான். அப்படியிருந்தும் அந்தக் கேள்வி. அவர் கேட்டது தன் மகள் எந்தப் பிள்ளையின் தட்டில் கை நனைப்பாள் என்பதை. மலையில் ஒரே பானைச் சோறு, ஒரே வரிசையில் படுக்கை, ஒரே கயிற்றின் இரு முனையில் இரண்டு கைகள். சாதி பார்க்கிறவருக்கு முகாம் ஆபத்தான இடம்தான், அதில் அவர் கணக்கு சரி.

காசு இருப்பவர்களுக்கு இந்தத் தடை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருநகரத்துத் தனியார் பள்ளிகள் ஏலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. கயிற்றில் தொங்குகிறார்கள், பாறை ஏறுகிறார்கள், கூடாரத்தில் தூங்குகிறார்கள். கட்டணத்தைக் கேட்டால் எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரு மாதம் வேலை செய்ய வேண்டும். திருவண்ணாமலைக்கு அருகிலேயே மருதம் பண்ணைப் பள்ளி போன்ற மாற்றுப் பள்ளியில் பிள்ளைகள், பெண்பிள்ளைகளும்தான், காட்டோடு வளர்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சாகசம் என்பது மாற்றுப் பள்ளிக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் கிடைக்கும் ஒன்றாக நின்றுவிட்டால், நகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு மிஞ்சுவது மைதானத்தைச் சுற்றி நான்கு ரவுண்டு. அதுவும் பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மலைவாழ் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வலிக்கும். சின்ன வயதில் இரண்டு குன்று தாண்டி நடந்தவள் அவள். எந்தக் கிழங்கு எங்கே இருக்கும், எந்தப் பாறை வழுக்கும் என்று தெரிந்தவள். பள்ளிக்கு வந்ததும் ஆறு மணிக்குப் பூட்டும் கேட்டுக்குள் அவளை வைத்து, 'சூழ்நிலை மண்டலம்' என்று படம் வரையச் சொல்கிறோம். அவள் முகாமில் மாணவியாக வர வேண்டியவள்கூட அல்ல, வழிகாட்டியாக வர வேண்டியவள்.

அரசால் முடியாது என்பவர்களுக்கு மாலாவத் பூர்ணாவைத் தெரியுமா? தெலுங்கானா, நிஜாமாபாத் மாவட்டத்துப் பழங்குடிப் பெண். பெற்றோர் விவசாயக் கூலிகள். அரசு சமூகநலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளிகளின் நிர்வாகம் பிள்ளைகளைப் போங்கீர் பாறையில் ஏறவைத்து, டார்ஜிலிங்குக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவருக்கு 13 வயது 11 மாதம். எங்கள் ஒன்பதாம் வகுப்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அத்தனை உயரத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வி நியாயமானது, நானே கேட்பேன். எல்லாரும் எவரெஸ்ட் ஏறவும் வேண்டாம். ஓர் அரசுப் பள்ளி, ஓர் ஏழைப் பெண்ணின் காலை நம்பியது என்பதுதான் எனக்கு முக்கியம். நம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண். பச்சேந்திரி பால் ஏறியது 1984இல். நடுவில் 39 ஆண்டுகள். தமிழ்ப் பெண்களுக்கு அத்தனை காலம் நுரையீரல் இல்லாமலா இருந்தது?

நமக்கும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிப் பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். சிரித்தவர்கள் சிரித்தார்கள், அசிங்கமாகப் பேசியவர்கள் பேசினார்கள். சைக்கிள் ஓட்டுவது எழுத்தறிவின் பகுதி என்று ஓர் அரசுத் திட்டமே ஏற்றுக்கொண்டது. அந்த துணிச்சல்தான் எனக்கு வேண்டும். மலை ஏறுவதும் இரவு வானம் பார்ப்பதும் பாடத்தின் பகுதி என்று எழுதுங்கள். ஆசைப்பட்டவர் செய்யும் கூடுதல் காரியமாக அதை விட்டால், முதலில் வெட்டப்படுவது பெண்பிள்ளையின் பங்குதான்.

மாதவிடாயைப் பற்றி ஒரு வார்த்தை. "அந்த நேரம் வந்துட்டா என்ன பண்றது டீச்சர்?" என்று கூட்டத்தில் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். வந்தால் என்ன, நாப்கின் மாற்றுவோம். 2011இலிருந்து அரசே பள்ளி மாணவிகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கிறது. தண்ணீரும் மறைவும் அப்புறப்படுத்த ஒரு காகிதப் பையும் இருந்தால் போதும். வயல் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அந்த நாட்களில் லீவு கொடுத்தவர் யார்? அவள் உடம்புக்கு வராத அக்கறை மகள் மலை ஏறும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

நான் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இந்த ஆண்டு மீண்டும் கேட்டிருக்கிறேன். நாற்பது மாணவிகள். ஐந்து ஆசிரியைகள், பத்துப் பிள்ளைக்கு ஒருவருக்குக் குறையாமல். இரவு முழுக்க மாறி மாறி இருவர் விழித்திருப்போம். தங்குமிடத்தை நாங்கள் முன்கூட்டியே போய்ப் பார்ப்போம்: தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறை எத்தனை அடி தூரம், விளக்கு உண்டா, யாரெல்லாம் வந்துபோகிறார்கள். வெளியாள் யாராக இருந்தாலும், சீருடை போட்டிருந்தாலும், துறைக் கடிதத்தைத் தொலைபேசியில் சரிபார்க்காமல் பிள்ளைகள் அருகில் வர முடியாது. எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாக இருக்க மாட்டாள், அந்தப் பெரியவர் நானாக இருந்தாலும். 1098 எண் ஒவ்வொருத்தியின் கையிலும் பேனாவால் எழுதியிருக்கும். கிளம்பும் முன்பே ஒரு வகுப்பு: யார் தொட்டால், என்ன சொன்னால், யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் நாங்கள் என்ன செய்வோம்.

இதுவரை எனக்குக் கிடைத்த மறுப்பெல்லாம் வாய்வார்த்தைதான். "பார்க்கலாம்", "இப்ப வேணாம்", "நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது". அனுமதிக்கு மட்டும் சம்மதக் கடிதம் கேட்கிறீர்கள், மூன்று பிரதி, அப்பா கையெழுத்து, முடிந்தால் தாத்தா கையெழுத்து. மறுப்புக்கும் ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என்ன காரணம், அந்தக் காரணம் ஆண்பிள்ளைகளுக்கு ஏன் பொருந்தாது, எந்த ஏற்பாட்டைச் செய்தால் அனுப்புவீர்கள். கீழே பெயர், பதவி, தேதி. அதைப் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரை காவலூரில் வானம் தெளிவாக இருக்கும். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்து இரண்டு தேதிகளைக் கடிதத்தில் குறித்திருக்கிறேன். பொதுத்தேர்வுக்கு முன்னால் வேண்டாம் என்றால் அதற்கும் சரி, ஒன்பதாம் வகுப்பை அழைத்துப் போகிறேன்.